எங்கள் தெரு நாய்க்குப் பால் ஊற்றிய மாலை

மாமல்லபுரத்தில் கடல்காற்று இறங்கும் நேரம். சிற்பப் பட்டறை வாசலில், கல்தூசி படிந்து வெள்ளையாகக் கிடந்தது எங்கள் தெரு நாய். காலையில் வேன் ஏறி இடுப்பு நொறுங்கிவிட்டது.

கால்நடை மருத்துவர் சொன்னார்: "பிழைக்காதும்மா. ஊசி போட்டா வலியில்லாம போயிடும். ஆனா யாராவது சரின்னு சொல்லணும். யாரோட நாய் இது?"



மீன் விற்கும் மல்லிகா என்னைப் பார்த்தாள். "ஊசி எதுக்கு? தெருவே பால் ஊத்திடுச்சு. நீதாம்மா இன்னும் ஊத்தல. அதான் உயிரு போவாம இழுத்துகினு கீது."

"அது என் நாய் இல்லை" என்றேன். பல வருடங்களாக அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

"அதுக்கு அது தெரியுமா? உன் வூட்டு கேட்டாண்டதானே தெனமும் படுத்துகினு கெடந்துது!"

கான்வென்டில் படித்தவள் நான். இந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பாலைக் காய்ச்சி ஆற்றி, என் கணவர் கடைசி நாட்களில் மருந்து குடித்த வெள்ளிக் கரண்டியோடு எடுத்து வந்தேன்.

உளிச் சத்தம் நின்றிருந்தது. கடல் மட்டும் யாரோ தூக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாய் ஒரு வாய் நக்கியது. உயிர் போகவில்லை. முன்னங்காலைத் தூக்கி என் பாதத்தின்மேல் வைத்தது.

"என் நாய்தான் டாக்டர். ஊசி போட்டுடுங்க" என்றேன்.

மல்லிகா அதன் கண்களை மூடினாள்.

வீடு திரும்பியபோது, படுத்திருக்கும் நாயை மிதிக்காமலிருக்க, கேட் அருகே காலை அகலமாக எடுத்து வைத்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

இந்தப் பழக்கம் போக எத்தனை நாளாகும்? நாய் வளர்த்தவர்கள் சொல்லுங்கள். நான் வளர்த்தது இன்று ஒரு மாலை மட்டும்தான்.