பால் கொடுத்தவளுக்கு வராதாம்

சொந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை ஊரார் வாசலில் நின்று நாளைக்கு நாற்பது முறை சொல்வதுதான் எங்கள் வேலை. வீடு வீடாகப் போய் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசும் தோழிகளே, உங்களுக்குத் தெரியாததா?

முதல் வாசல்

தாமல் கிராமத்தில் முதல் நாள். கதவைத் திறந்தவர் ஓர் ஆண். கல்லூரியில் படித்த சொல் எதையும் எடுக்காமல், "லேடீஸ் விஷயம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "இந்தா, நைட்டி விக்கிற பொண்ணு வந்திருக்குது பாரு!"

சாம்பியன்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு. தாய்ப்பால் கொடுத்தால் இந்த நோய் வரும் ஆபத்து குறையும், அதிக காலம் கொடுத்தால் இன்னும் குறையும் என்று பேசிக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டு வயது வரை கொடுத்த சரளா அக்கா எழுந்து நின்றாள். அவளுக்கு இனி வரவே வராது என்பதுபோல் எல்லோரும் கைதட்டினார்கள். பால் சுரக்காமல் டப்பா பால் கொடுத்த எதிர் வீட்டுத் தேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

குறையும் என்றேனே தவிர வராது என்று சொல்லவில்லை. அதை அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். நானும் சேர்ந்து கைதட்டினேன். சரளா அக்கா உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "எனக்கெல்லாம் வராதுமா. நீ போய் தேவிகிட்ட சொல்லு."

பால்கட்டு

இரண்டு மாதம் கழித்துப் போனபோது சரளா அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், மார்பில் ஒரு கட்டி இருக்கிறதாம். வலியில்லையாம். பழைய பால்கட்டாம். அவள் கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான்! இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

தறியில் இருந்த அவள் கணவர் நிமிர்ந்தார். கரைக்குத் தனி நிறம் வரும் கோர்வைப் புடவை. கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தறி ஓடும். "புடவைய முடிச்சு அறுத்து இறக்கட்டும், பத்து நாள்ல வருவா" என்றார். பத்து நாளில் அடுத்த புடவை ஏறிவிடும் என்று எனக்குத் தெரியாதா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அக்காவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஆட்டோ ஏறாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. துணைக்குப் போகத் தேவி செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவர் என் கையையும் நாடாவையும் மாறி மாறிப் பார்த்தார்: "சரளா, மொதல்ல போய்ட்டு வா. இந்தப் பொண்ணு தொட்டா புடவை போச்சு."

ஹெல்மெட்

புற்றுநோய்தான். சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து, கீமோவில் முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குச் சரளா அக்கா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தனக்கு வராது என்று அக்கா நினைத்ததை அன்று திருத்தாமல் விட்டது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பால் சுரக்காதது யார் குற்றமும் இல்லை என்றும் சொன்னேன்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி விடவில்லை. "மூணு பேருக்குக் குடுத்த உனக்கே வந்துடுச்சு. அப்புறம் எதுக்குக்கா குடுக்கணும்?" நான் வாய் திறப்பதற்குள் சரளா அக்கா தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டாள்: "ஹெல்மெட் போட்டவன் விழவே மாட்டானா? அதுக்காகக் கழட்டி வெச்சுட்டு ஓட்டுவியாடி? நீ குடு. கட்டின்னு ஒண்ணு வந்தா மட்டும் என்னை மாதிரி பீத்திக்கினு உக்காராத, ஓடு."

இப்போதெல்லாம் 'ஆபத்து குறையும்' என்று ஒருமுறை சொன்னால், 'வராமலே போகும் என்று அர்த்தமில்லை' என்று இருமுறை சொல்கிறேன், கேட்கப் பிடிக்காதவர்களுக்கு மூன்று முறை.