மூன்றாம் முறை கூப்பிட்டால்

என் மனைவியை ஒரு மரத்தைக் கொண்டு கொல்லப் பார்த்தவன் நான். வேண்டுமென்று இல்லை, பயத்தில். வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக ஏற்பாடு பண்ண எனக்கு வந்திருக்காது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பனுக்குக் கிழக்கே, ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில், ஒரு மலைச்சரிவில் பதினொரு ஏக்கர் காடு வாங்கியிருந்தோம். வாரநாளில் நான் நகரத்து அலுவலகம் ஒன்றில் பாலங்களுக்குப் படம் கீறுகிறவன். சனி ஞாயிறில் காட்டு ராசா. ராசாவின் படை என்று பார்த்தால், செத்துப்போன ஒரு விவசாயியின் பொருட்களை ஏலம் விட்டபோது எடுத்த சாம்பல் நிற ட்ரக்டர், மரம் அறுக்க எத்தனையாவது கையென்று தெரியாத ஒரு செயின்சோ, முப்பது யார் நீள இரும்புச் சங்கிலி. ட்ரக்டருக்கு ஒரு குணம் உண்டு. குளிரில் பாரம் இழுக்கச் சொன்னால் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். அதன் பழைய சொந்தக்காரர் அதன்மேல் இருந்தபடியேதான் போய்ச் சேர்ந்தாராம். இதை எனக்கு ஏலம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

குசினியில் வீட்டோடு வந்த வார்ப்பிரும்பு விறகடுப்பு. அதற்குத் தீனி போடத்தான் இவ்வளவு படையும். பச்சை விறகு வைத்தால் வீடு முழுக்கப் புகை, குளிர் மட்டும் அப்படியே இருக்கும். காய்ந்த மரப்பட்டை வைத்துப் பற்றவைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நல்ல பட்டை எந்த மரங்களின் அடியில் உதிர்ந்து கிடக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவனும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் வெட்டிய மரம் விழவில்லை. பாதி சாய்ந்து, பக்கத்து மரத்தின் கவட்டில் தலையை வைத்துத் தொங்கிக்கொண்டு நின்றது. கீழ்க்காணிக்காரர், மாடு வளர்க்கிற வெள்ளைக்கார மனிதர், வேலியில் நின்று பார்த்துவிட்டு, அதன் தலைக்குக் கீழே நாய்கூடப் போகக்கூடாது என்றார். இப்படித் தொங்குகிற மரத்துக்கு இந்த நாட்டில் விதவையாக்கி என்று பெயராம். அடியில் சங்கிலி கட்டி, தூர நின்று ட்ரக்டரால் இழுத்தால் தலை பொத்தென்று கீழே வரும் என்றும் சொல்லிக் கொடுத்தார். நான் வீட்டுக்குப் போய், மரத்தை இழுத்து விழுத்தப்போகிறேன், வெளியே வரவேண்டாம் என்று மனைவிக்குச் சொன்னேன். இந்தக் குளிருக்குள் வர எனக்கென்ன விசரோ என்று அவள் கேட்டாள்.

திரும்பி வந்து சங்கிலியைக் கட்டி முடிக்கும்போது உச்சிப்பொழுது. அப்போதுதான் மூடுபனி இறங்கியது. முதலில் மரங்களின் தலைகள் போயின, பிறகு இடுப்பு. கடைசியில் என் காலடியும் ட்ரக்டரும் மட்டும் மிஞ்சின. குருவிச் சத்தம் இல்லை. உரிந்த பட்டைகள் யாரோ காயப்போட்டு மறந்த உடுப்புகள் மாதிரித் தொங்கின. மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரண்டு மரங்களும் ஒன்றையொன்று உரசி, கதவொன்றை மெதுவாகத் திறப்பதுபோல முனகின.

"இஞ்சாருங்கோ."

பெண் குரல். காட்டுக்குள்ளிருந்து. வீடு இருந்தது எதிர்ப்பக்கம்.

எங்கள் ஊர்ச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உச்சிப்பொழுதில் ஆள் தெரியாமல் குரல் கேட்டால் மூன்றாம் முறைக்கு முன் வாய் திறக்கக்கூடாது. பேய்க்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. சமுத்திரம் தாண்டி வந்தவன், பாலத்தின் பாரத்தைத் தசமதானத்தில் கணக்குப் பார்க்கிறவன், இந்தச் சட்டத்தை அன்றைக்கு அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ."

இரண்டு. குருவிதான் என்று காதுக்குச் சொன்னேன். காது நம்பவில்லை.

பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. சரி, பேய்தான், போய்விட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது அந்தக் குரல் என் பெயரைச் சொன்னது. முழுப்பெயரை. அலுவலகத்தில் வெட்டிக் கொத்தி இரண்டெழுத்தாக்கி வைத்திருக்கிற பெயரை, அம்மா வைத்தபடி, ஓரெழுத்தும் குறையாமல்.

மூன்றாம் முறை. சட்டப்படி நான் பதில் சொல்லவேண்டும். ஆனால் கலியாணம் கட்டிய பதினெட்டு வருடத்தில் என் மனைவி ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ஆசுபத்திரியில் கணவர் பெயர் கேட்டால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். இந்த மலையில் வேறு யாருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஆகவே மூன்று வரை எண்ணத் தெரிந்த பேய். படித்த பேய்.

பேய்க்கு இரும்பென்றால் பயம் என்பது ஞாபகம் வந்தது. ஒரு தொன் இரும்பு பக்கத்தில் நின்றது. தாவி ஏறினேன். பழைய சொந்தக்காரர் கடைசியாக இருந்த ஆசனம் என்பதும் அப்போதுதானா ஞாபகம் வரவேண்டும்? ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு, வீட்டுப் பக்கம் பறந்தேன்.

ஐந்து யார் பறந்தேன். ட்ரக்டருக்குப் பின்னால் சங்கிலியையும், சங்கிலிக்குப் பின்னால் மரத்தையும் பத்து நிமிடத்துக்கு முன் கட்டியவன் நானே என்பதை மறந்துவிட்டேன். சங்கிலி விறைத்தது. மேலே அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ட்ரக்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

அந்த அமைதியில் குரல் நாலாம் முறையாக வந்தது.

"காது அடைச்சுப்போச்சோ? கால் மாட்டியிட்டுது. மரத்தை இழுத்துப் போடாதேங்கோ."

பேய் இப்படி ஏசாது. பனிக்குள் விழுந்தெழும்பி ஓடினேன். மரத்தலைக்கு நேர்கீழே, வொம்பட் என்கிற காட்டு மிருகம் தோண்டிய வளைக்குள் ஒரு கால் முழங்கால்வரை போய், மடியில் பட்டைக் கூடையோடு இருந்தாள். அடுப்பு அணைந்துவிட்டதாம். கிட்டடிதானே, ஒரு ஓட்டம் போய்ப் பட்டை பொறுக்கி வரலாம் என்று வந்தாளாம். பனிக்குள் எந்த மரத்தின் கீழ் நிற்கிறாள் என்று, விழுந்து, மேலே மரம் முனகுவது கேட்கும்வரை தெரியவில்லையாம். மேலே பார்க்காமல் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். சப்பாத்து வளைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் வந்தாள்.

தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் அவளை இறக்கும்போது காட்டுக்குள் மரம் தானாக விழுந்தது. காற்றென்று சொல்ல ஒரு இலைகூட அசையவில்லை. குசினித் தட்டுகள் குலுங்கின.

கணுக்கால் வீங்கியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி உண்மையைச் சொன்னேன். அவள் ஒத்தடத் துணியை என் கையிலிருந்து பறித்தாள்.

"பேயெண்டால் விட்டிட்டு ஓடவேண்டியதுதானே. ஏன் மரத்தையும் கட்டியிழுத்துக்கொண்டு ஓடினனீங்கள்?"

நான் வேறொன்று கேட்டேன்: பெயர் சொல்ல எப்படி மனம் வந்தது? இரண்டு தரம் கூப்பிட்டும் சத்தமில்லை, நீங்களும் ட்ரக்டரிலை இருந்தபடியே போயிட்டீங்கள் எண்டு நினைச்சன் என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு ட்ரக்டரை ஸ்டார்ட் செய்யமுன் குசினிக்குப் போய் அவளைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது என் வழக்கமானது. தேத்தண்ணிக்கு வருவதாகச் சாட்டுச் சொல்வேன். அவள் நம்புவதாகச் சாட்டுக் காட்டுவாள். என் பெயரை அவள் பிறகு சொல்லவேயில்லை.

அடுத்த குளிர்காலம், இன்னொரு சனிக்கிழமை, உச்சிப்பொழுது. பனி சன்னல்வரை வந்து நின்றது. அவள் எனக்கு எதிரே அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பக்கமிருந்து என் பெயர் கேட்டது. முழுப்பெயர்.

அவளுக்கும் கேட்டது. கையிலிருந்த விறகை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, ஒன்று என்று ஒரு விரலை மடித்தாள்.

அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தோம். இதை எழுதும்வரை அது வரவில்லை.