தெல்தோட்டையில் கேட்ட நாலு அடி

கண்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கொழும்பிலிருந்து வரும் வழியில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் நான் வெளியே அதிகம் பார்க்கவில்லை. மடியில் சுருட்டி வைத்திருந்த வரைபடம் கசங்கிவிடுமோ என்பதிலேயே கவனம் இருந்தது.

கொழும்பில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடம் வரைவது என் வேலை. தெல்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சிநேகிதி செல்வராணி பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போனபின் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். கண்டியில் படித்த காலத்தில் இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்தோம். போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"லயத்த ஒடச்சிட்டு ஆளுக்கொரு தனி வீடு கட்டித் தரப் போறாங்க வத்சலா. நல்ல விஷயந்தான். ஆனா புள்ளைங்க வெளாடுற எடம் போயிரும். நீ வந்து ஒரு வழி சொல்லு."

தெல்தோட்டை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாவிக் கரைவரை நடந்தேன். கரையைச் சுற்றி ஓடும் வெள்ளை மதிலில் முக்கோணத் துவாரங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சின்னப் பெண் அதில் ஒன்றுக்குள் முகத்தை வைத்து நீரைப் பார்த்தாள். பிறகு அடுத்த துவாரத்துக்கு ஓடினாள். அங்கே வேறு மீன்கள் இருக்கும் என்று நினைத்தாள் போலும். மூன்றாவது துவாரத்தில் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவர்கள் உட்கார அங்கே வாங்கு உண்டு, நடக்க நடைபாதை உண்டு. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது யாரோ அழகுக்காக விட்ட ஓட்டைகள்தான்.

பஸ் பேராதனை தாண்டி, கலஹா வழியாக ஏறியது. முப்பது கிலோமீற்றர் அளவு தூரம்தான். வளைவுகளும் நிறுத்தங்களும் சேர்ந்து அதை ஒன்றரை மணி நேரமாக்கிவிட்டன. டிக்கட் நூற்றெண்பது ரூபாய். மீதியைத் தரும்போது கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

"காலண்டரா அக்கா?"

"இல்லை தம்பி, வீட்டுப் பிளான்."

"சொந்த வீடா? அப்ப பத்திரமா வச்சுக்கங்க" என்று சொல்லி, என் பக்கத்தில் சாய்ந்து நின்றவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். சொந்த வீடு என்ற சொல்லுக்கு அந்த மலைப்பாதையில் உள்ள மரியாதையை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

தெல்தோட்டையிலிருந்து ஆட்டோவில் மேலே போனேன். செல்வராணி தான் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றாள். ஒரே கூரையின்கீழ் குடும்பத்துக்கொரு காம்பராவாக ஒட்டிக் கட்டிய இரண்டு லயங்கள் எதிரெதிராக, நடுவே நீண்ட சமதரை. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் சரிவு, தேயிலை, மழைநீர் ஓடும் கான். பந்து உருண்டால் கீழேயுள்ள ஆற்றில்தான் போய் எடுக்க வேண்டும். அந்த மலையில் பிள்ளைகள் விழாமல் ஓடக்கூடிய ஒரே இடம் இதுதான். காணி அளந்தவர்கள் அங்கே முளையடித்து நூல் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நூல்களுக்கு மேல் பிள்ளைகள் தாவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், நீ யாரு வூட்டுல நிக்கிற?"

"எங்க வூட்டுல!"

"இல்ல, அது சரசுக்கா வூட்டுக் குசினி. நீ அவுட்டு!"

செல்வராணி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

என் யோசனை இதுதான். வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே வரப்போகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு பேர்ச் காணி, இரண்டாயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொருவரும் வேலியை நாலு அடி மட்டும் உள்ளே தள்ளிப் போட்டால், நடுப்பாதையோடு சேர்ந்து ஒரு நீண்ட முற்றம் கிடைக்கும். குசினி ஜன்னல்களை அந்தப் பக்கம் திருப்பினால் சமைக்கும்போதே பிள்ளைகளைப் பார்க்கலாம். எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று வீட்டுத் திட்ட அதிகாரியும் செல்வராணியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

பின்னேரம் வேலை முடிந்து எல்லாரும் வாசலில் கூடினார்கள். எனக்கு ஒரு கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார்கள். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பெண்கள் குனிந்து தங்கள் ஜன்னலைத் தேடினார்கள். "நல்லாத்தான் இருக்கு மிஸ்" என்றாள் ஒருத்தி. சரசுக்கா, "நாலு அடிதானே, குடுத்துட்டுப் போவோம்" என்றார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பின்னால் நின்ற முருகானந்தன் முன்னே வந்தார். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை நூல் தாவிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அவருடைய பிள்ளைகள்.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தாத்தா பொறந்த காம்பராவுலதான் நானும் பொறந்தேன். கூரையில ஒரு தகரம் மாத்தணும்னாலும் தோட்டத்துத் தொரைகிட்ட கேக்கணும். என் பேருல மண்ணுன்னு எழுதப் போறது இப்பதான். அது வர்றதுக்குள்ள ஓரத்த அறுத்துக் குடுங்கன்னா எப்புடி மிஸ் குடுக்கிறது?"

வரைபடத்தில் இருந்த முற்றத்தின்மேல் விரலை வைத்தார்.

"பொது எடம்னா நாளைக்கு அது யாருக்குச் சொந்தம்? தோட்டத்துக்கா, பிரதேச சபைக்கா? எழுதித் தருவீங்களா?"

"எனக்குத் தெரியேல்லை அண்ணை" என்றேன். அது உண்மை. ஜன்னல் உயரம்வரை யோசித்து வந்திருந்தேன். இதை யோசிக்கவில்லை.

சரசுக்கா வரைபடத்திலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். "அவரு சொல்றதும் நாயந்தானே" என்றார். அதன்பிறகு கூட்டம் தானாகக் கலைந்தது.

செல்வராணி வரைபடத்தைக் குழல்போலச் சுருட்டி என்னிடம் தந்தாள். "அவர்மேல எனக்குக் கோவமே வரல வத்சலா. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள். பிறகு, "நான் மட்டும் என் வீட்டுக்கு வேலி போட மாட்டேன். என் வாசல்ல வந்து வெளாடட்டும்" என்றாள்.

மறுநாள் காலை என் பையைத் தூக்கிக்கொண்டு தார் ரோடுவரை வந்தவர் முருகானந்தன்தான். அவரும் கண்டிக்கு வேலைக்குப் போக வேண்டும். வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டதும் சொன்னார்:

"எம் புள்ளைங்களும் அங்கதான் ஓடுதுங்க மிஸ். என்ன போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் அவர் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கண்டிவரை நின்றுகொண்டே வந்தார்.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு நாலாவது மாடி. என் மகள் லிப்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவேயுள்ள இடத்தில் பந்து உருட்டுவாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணியடித்தால் உள்ளே ஓடி வந்துவிடுவாள். நான் திரும்பிய அன்றும் மணி அடித்தது. "ஓம், இனி விளையாட மாட்டாள்" என்று அவரிடம் சொல்லிக் கதவைச் சாத்தினேன். உறுதிப்பத்திரம் உள்ள வீடுதான். அப்பா எழுதிக் கொடுத்தது.

வீடுகள் எழும்பிவிட்டன. குடிபோன பிறகு செல்வராணி அழைத்தாள். நீலம், ரோசா, பச்சை என்று ஆளுக்கொரு நிறம் பூசியிருக்கிறார்களாம். மழைக்கு ஒழுகுவதில்லையாம். முருகானந்தன் வாசலில் மாதுளை வைத்திருக்கிறாராம். எல்லா வீட்டையும் சுற்றித் தகர வேலி. சொன்னபடி இவள் மட்டும் போடவில்லை.

"பிள்ளைகள் வருகினமோ?" என்று கேட்டேன்.

"மொத வாரம் வந்துச்சுங்க. இப்ப கூப்புட்டாலும் ஓரத்துலயே நிக்கிதுங்க வத்சலா. 'அது டீச்சர் வூட்டு எடம்'னு சொல்லுதுங்க."