பரீட்சை அடுத்த மாதம்

மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்த மகள், மூன்று நாள் கழித்துத்தான் அதைச் சொன்னாள். தோஹாவில், நஜ்மா பகுதியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் நான் ஜப்பான் பயணத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஆன்சர் ஷீட்ல நான் ஒண்ணுமே ஃபில் பண்ணல. பிளாங்கா குடுத்துட்டேன்."

இரண்டு வருடக் கோச்சிங். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"அம்மாட்ட சொன்னியா?"

இல்லையென்று தலையாட்டினாள். அவள் அம்மா நர்ஸ், டூட்டிக்குப் போயிருந்தாள். நான் மீதிச் சட்டைகளையும் மடித்து வைத்தேன்.

கம்ப்ரசர் பயிற்சிக்காகக் கம்பெனி என்னை அனுப்பியது. பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஜப்பானியர். முதல் நாள் சாப்பிடும்போது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மகளுக்கு டாக்டர் படிப்புக்கான பரீட்சை, அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் வாசலில் வந்து நின்றார். படிப்புக்கென்றே உள்ள ஒரு ஷிண்டோ கோயிலுக்கு அழைத்துப்போனார். உள்ளே பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் கூட்டம். கல்தொட்டியில் நீர் மொண்டு கை கழுவினோம். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்தோம். அங்கிருந்த வெண்கலக் காளையின் தலையைத் தடவினால் அறிவு வருமாம். தடவினேன். குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். கடற்கரை ஊர்க் கிறிஸ்தவன் நான்; பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

வேண்டுதல் எழுதி அங்கே மாட்டிவிட்டுப் போகும் உள்ளங்கை அகல மரப்பலகை ஒன்றை வாங்கி வந்து பேனாவை நீட்டினார். "மகள் பேரை நீங்க எழுதுங்க. மத்ததை நான் எழுதறேன்" என்றார் ஆங்கிலத்தில்.

தமிழில் எழுதினேன். அதன் கீழே அவர் நிதானமாக எழுதினார். "கட்டாயம் பாஸ்" என்று அர்த்தம் சொன்னார். மற்ற பலகைகளுக்கு நடுவே அதை மாட்டிவிட்டு, கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். நான் அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிய அன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள்.

"டாக்டராவ இஷ்டமில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மக்களே."

"சொன்னேம்மா. நீங்க ரொம்ப டயர்டா இருந்தீங்க."

மனைவி யூனிஃபார்மில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றினாள். நான் பெட்டியிலிருந்த சட்டைகளை வெளியே எடுத்து வைத்தேன்.

மகள் பி.காம். சேர்ந்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்த ஜப்பானியர் ஒரே வரியில் மெயில் அனுப்பியிருந்தார்: ரிசல்ட் என்ன? சைட்டில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். 'பரீட்சை அப்போதே முடிந்திருந்தது. உங்களிடம் பொய் சொன்னேன்' என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று மட்டும் தெரிகிறது.