இடது பாத நிப்பும் பதினோரு வரிகளும்

"எந்தக் கை எழுதியிருந்தாலும் சரி, ஒரு வரியைப் பாத்தா ஆளைச் சொல்லிடுவேன். என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமேதான் ஒருத்தன் பிறந்து வரணும்."

பணி ஓய்வு நாளில் லென்ஸ் இப்படி முழங்கியபோது வங்கியே கைதட்டியது. தட்டாதவர்கள் மேல் சந்தேகம் விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

லென்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. முப்பத்திரண்டு வருடம் கையெழுத்து சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாகவே மனிதகுலத்தைப் பார்த்ததற்குக் கிடைத்த பட்டம். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதிவிடுவார். ஒருமுறை மேலாளரின் கையெழுத்தையே திருப்பி அனுப்பினார். மேலாளர் கட்டுப் போட்ட விரலைக் கொண்டுவந்து காட்டினார். லென்ஸ் அந்தக் கட்டையும் ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட ஆள் குறைந்துபோனதால், பழைய பேனாக்களின் அபூர்வ நிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். அறை அறையாகத் தடுத்த மாத்திரை டப்பாவில் அவை குடியிருந்தன. இசைக்குறிப்பு எழுதுவதற்கென்றே இரண்டு பிளவு, மூன்று முனையோடு ஒன்று. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுத ஆணிபோல் விறைத்த ஒன்று. எல்லாவற்றுக்கும் ராஜா, 'இடது பாதம்'. இடது கால் விரல்கள் பெருவிரலிலிருந்து சுண்டுவிரலுக்குச் சரிந்து இறங்குமே, அப்படிச் சாய்வாக வெட்டிய முனை. பேனாவை உள்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறவருக்கு வெண்ணெய், நேராகப் பிடிக்கிறவருக்கு முள். லென்ஸ் திருப்பிப் பிடிக்கிறவர்.

நிப்பு ஒரு கைக்குப் பழகித்தான் தேயும், வேறு கை பட்டால் கெட்டுப்போகும் என்பது பேனாக்காரர்களின் கொள்கை. லென்ஸ் பல் துலக்கும் பிரஷ்ஷை வேண்டுமானால் இரவல் தருவார். இடது பாதத்தைத் தரமாட்டார்.

கேட்டுக்கொண்டே இருந்தவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். ஞாயிறு தவறாமல் அக்காவைப் பார்க்க வருவான்.

"ஒரே ஒரு வரி அத்தான். எழுதிட்டு உடனே குடுத்துடறேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

பாதுகாப்பு கருதி டப்பாவைப் பரண்மேல் வைக்க லென்ஸ் ஸ்டூலில் ஏறினார். ஏணியிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு எட்டாத உயரம் எது என்று யோசிக்கவில்லை. ஸ்டூல் ஆடியது, விழுந்தார், வலது மணிக்கட்டு முறிந்தது. மச்சினன்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். வழி நெடுக, முறியாத கை டப்பாவை இறுகப் பிடித்திருந்தது.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அன்றே இடது பாதத்தை எடுத்தார். கீறியது. கழுவினார், மையை மாற்றினார், காகிதத்தை மாற்றினார். கீறல் மாறவில்லை. யாரோ தொட்டிருக்கிறார்கள்.

மை நிரப்பும்போதெல்லாம் ஒரு நோட்டில் 'இன்று மை நிரப்பினேன்' என்று எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம். மூன்று வாரம் போனதும் அந்த நோட்டைத் தணிக்கை செய்தார். கட்டுப் பிரித்த பிறகு அவர் எழுதிய பதினோரு வரிகளைக் காணோம்! அவை இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ எழுதிய பதினோரு வரிகள். 'மை'யின் சுழி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. 'ப்' தடிக்க வேண்டிய இடத்தில் மெலிகிறது. ஆக, திருடன் நிப்பைத் தொட்டதோடு நிற்காமல் பக்கத்தையே மாற்றி வைத்திருக்கிறான். பார்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் இந்தக் குடும்பத்தில் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வட்டமிட்ட நோட்டு மச்சினன் முன்னால் வைக்கப்பட்டது.

"இது யார் எழுதினது?"

"நீங்கதான் அத்தான். வேற யாரு?"

"முப்பத்திரண்டு வருஷமா இதே பதிலைத்தான் கேட்டுட்டு வரேன்."

மச்சினன் பாதி குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். நான்கு ஞாயிறு போயின. அவன் வரவில்லை. மனைவி வேளாவேளைக்குச் சமைத்தாள், பரிமாறினாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். ஐந்தாவது ஞாயிறு காலை, மடித்த இரண்டு புடவையோடு ஒரு பை வாசற்கதவருகே இருந்தது.

"பொறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவன் திருடன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு அங்கேயே இருந்துக்கறேன்."

ஆதாரம் ஆதாரம்தான் என்று லென்ஸ் மேசைக்குப் போனார். இவ்வளவு முக்கியமான ஆவணத்தை எழுத இடது பாதத்தைவிடத் தகுதியான நிப்பு ஏது? சாட்சிப் பொருளாக ஐந்து வாரம் தொடாமல் வைத்திருந்த அதில் மை நிரப்பினார். வழக்கப்படி நோட்டில், திருட்டு வரிகளுக்குக் கீழே, ஒரு வரி எழுதிப் பார்த்தார்.

கீறியது. எழுதிய வரியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். 'மை'யின் சுழி வாயைத் திறந்துகொண்டு நின்றது. 'ப்' மெலிந்திருந்தது.

பேனாவைப் பழையபடி உள்பக்கம் திருப்ப முயன்றார். மணிக்கட்டு பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னொருதரம் முயன்றார். அதே இடம்.

பிறகு பென்சிலை எடுத்து, பன்னிரண்டாவது வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'ஒத்துப்போகிறது' என்று எழுதினார்.

"எழுதியாச்சா?" என்றாள் மனைவி, கையில் பையோடு.

"உன் தம்பியை வரச் சொல்லு. இந்த நிப்பு அவன் கைக்கு எப்படி இருக்குன்னு ஒரு வரி எழுதிப் பாக்கட்டும்."

"ஏன், உங்க கைக்கு என்ன?"

லென்ஸ் நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்து, பூதக்கண்ணாடியையும் அதன்மேல் வைத்தார்.