லாரி வந்துகினே கீது

பெட்ரோல் போடுகிறவளுக்குக் கை இருந்தால் போதும். கேஸ் போடுகிறவளுக்குக் காது இரண்டும் செவிடாக இருக்க வேண்டும். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூரைத் தாண்டி ஒரு பங்க்கில் சி.என்.ஜி. போடுகிறேன். ஆட்டோ, கால் டாக்சி ஓட்டுகிறவர்களே, என் மூஞ்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் திட்டிய திட்டெல்லாம் எனக்கும் தெரியும்.

எங்கள் பங்க்குக்கு இன்னும் பைப் லைன் வரவில்லை. ரோட்டைத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள், மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் கேஸ் லாரியில்தான் வருகிறது. லாரி காலியாகக் காலியாக பிரஷர் இறங்கும்; உங்கள் வண்டியில் பாதிதான் ஏறும். அடுத்த லாரி எங்கே என்று யார் கேட்டாலும் "வந்துகொண்டே இருக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும், அது மேனேஜர் உத்தரவு. எங்கள் வாயில் அது "வந்துகினே கீது" ஆகிவிட்டது.

ஆட்டிப் பார்த்தல்

எங்கள் பங்க்குக்கு வருகிற ஆட்டோக்காரன் சேட்டு, பெட்ரோல் ஆட்டோவை விற்றுவிட்டு சி.என்.ஜி. ஆட்டோ எடுத்த புதிது. "செலவு பாதியாயிடும்க்கா" என்று என்னிடமும் வருகிறவன் போகிறவனிடமும் பெருமை பேசுவான். காலையில் மறைமலை நகர் ஃபேக்டரிக்குப் போகிற பெண்கள், அப்புறம் பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் என்று வாடிக்கை கையில் இருந்தது. மனுஷனுக்கு அப்போது என்ன குறை?

ஒரு நாள் பிரஷர் இறங்கி அவனுக்குப் பாதிதான் ஏறியது. ஹோஸைக் கழற்றியதும் ஆட்டோவை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். பெட்ரோல் போடும்போது வண்டியை ஆட்டி ஆட்டி நிரப்பிய பழக்கம்! "யோவ், இது கேஸுய்யா! ஆட்டினா இன்னா, தலைகீழா நிறுத்தினா இன்னா, ஒண்ணும் இறங்காது" என்று கத்தினேன். க்யூவே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுச் சொன்னான்: "டேங்க் ரொம்பலன்னா இன்னாக்கா, ஆட்டினா மனசு ரொம்புது."

நியூட்ரல் மரியாதை

எங்கள் க்யூவில் ஒரு வழக்கம் உண்டு. டீ குடிக்கப் போகிறவன் ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். க்யூ நகர்ந்தால் பின்னால் இருப்பவன் அவன் வண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். எவ்வளவு சண்டை வந்தாலும் இதை மட்டும் யாரும் மீறியதில்லை.

அன்றைக்கு லாரி ரொம்ப லேட். சேட்டுவின் ஆட்டோ நடு க்யூவில். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. என்னிடம் வந்து கேட்டான். "வந்துகினே கீது" என்றேன். "விடிகாலைலேந்து வந்துகினே கீதே, இன்னா நடந்தா வருது? வாயைத் தொறந்தா பொய்யாக்கா உனக்கு?" என்று எகிறினான். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மைதானே?

அவன் ஆட்டோவில் தினமும் போகிற மேரி, ஃபேக்டரிப் பெண், அவனைத் தேடிக்கொண்டு பங்க்குக்கே வந்துவிட்டாள். க்யூவின் நீளத்தைப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து தானும் தன் தோழிகளும் வேனில் போவதாகச் சொன்னாள். சேட்டு கெஞ்சிப் பார்த்தான். அவள் முகம் வாடித்தான் போனது. என்ன செய்வாள் பாவம். "நீ வரும்போது வா அண்ணா, ஆனா ஷிஃப்ட் எனக்காக நிக்காது."

கப்பல்

விலை போர்டை மாற்றுகிற நாள் எங்களுக்குத் துக்க நாள். ஏற்றுவது அடிக்கடி, இறக்குவது அபூர்வம். அன்றும் ஏறியது. மேனேஜர் நல்ல மனுஷன்தான், பேப்பர் படிக்கிறவர். எங்கேயோ சண்டையாம், கேஸ் கப்பல்கள் கடலில் நிற்கின்றனவாம், உலக மார்க்கெட்டே ஆடுகிறதாம் என்று பொறுமையாக விளக்கினார்.

சேட்டு கைகட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டான். கடைசியில் கேட்டான்: "எங்கியோ கப்பல் நின்னா, என் வூட்ல ஏன் சார் அடுப்பு நிக்குது?"

சந்தனப் பொட்டு

கேஸ் வண்டியின் சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை டெஸ்ட் செய்ய வேண்டும். தேதி போட்ட தகடு வண்டியிலேயே இருக்கும். தேதி தாண்டியிருந்தால் நாங்கள் கேஸ் போடக் கூடாது. வெடித்தால் அவனும் போவான், நானும் போவேன், க்யூவும் போகும். டெஸ்டுக்கு விட்டால் வண்டி நாள் கணக்கில் அங்கேயே கிடக்கும். மிச்சமிருந்த காலேஜ் சவாரியும் போய்விடும் என்று, வண்டி எடுத்து மூன்று வருஷம் தாண்டியும் சேட்டு தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜை முடிந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. வண்டியில் மற்ற பொட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்து போயிருக்க, அந்தத் தகட்டில் தேதியின் மேல் மட்டும் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். விரலை வைத்துத் துடைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அழிக்காதக்கா. என் பொழப்பே அந்தப் பொட்டுக்குக் கீழதான் கீது."

காக்கிச் சட்டை

துடைத்தேன். தேதி தாண்டியிருந்தது. கேஸ் போடவில்லை. செய்தது சரிதான், ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை எனக்கு.

வண்டி டெஸ்டில் கிடந்தபோது காலேஜ் பிள்ளைகளும் வேறு ஆட்டோ பிடித்துக்கொண்டார்கள். டெஸ்ட் முடிந்து வந்த வண்டியில் ஏற ஆளில்லை. விற்றுவிட்டான். அப்புறம் ஆளையே காணோம்.

போன மாதம் எனக்குத் துணையாக ஒரு புது ஆளை மேனேஜர் கூட்டிவந்து நிறுத்தினார். காக்கிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சேட்டு! "இன்னாக்கா, நல்லாக்கிறியா?" என்றான். ஹோஸை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன்.

மத்தியானம் பிரஷர் விழுந்தது. பாதி ஏறிய ஒரு டிரைவர் தன் ஆட்டோவைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். சேட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான், சிரிக்கவில்லை. க்யூவிலிருந்து எவனோ கத்தினான், லாரி எங்கேய்யா என்று. நான் வாயைத் திறப்பதற்குள், இத்தனை வருஷத்தில் எனக்கே தைரியம் வராத ஒரு பொய்யையும் சேர்த்து சேட்டு பதில் சொன்னான்: "வந்துகினே கீது தலைவா, செங்கல்பட்டு தாண்டிருச்சு!"

எங்கள் பங்க்கில் கேஸுக்குத்தான் தட்டுப்பாடு, அதைப் போட ஆளுக்கு இல்லை.