ஜெல்லி மீன் வரவழைத்த சாமி

மாசி மகத்துக்கு எங்கள் ஊர்ச் சாமியை மரக்காணம் கடலுக்குத் தூக்கிப்போய்த் தீர்த்தவாரி நடத்துவார்கள். கிளியனூர்ப் பக்கத்துக்காரர்களான எங்களுக்குக் கடல் என்றால் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். பல்லக்குத் தூக்குபவர்களில் என் மாமாவும் ஒருவர். ஊரில் பெரிய சண்டியர். தாத்தாவுக்கு எதிரில் மட்டும் உட்காரக்கூட மாட்டார்.

அந்த வருஷம் வீட்டில் யார் முகமும் சரியில்லை. பிளஸ் டூ படித்த சித்திக்கு, பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று தாத்தா முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலிருந்து பூ வைக்க வருகிறார்கள். சித்தி அழுதுகொண்டே விலங்கியல் படித்தாள், அதுவும் வீட்டுக்கே கேட்கும்படி உரக்க. பக்கத்தில் படுத்திருந்த எனக்கும் பாதி மனப்பாடம். ஜெல்லி மீனுக்கு மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பு இல்லை. ஆனால் அறுந்து மிதக்கும் இழைகூடக் கொட்டும்.

கடலில் இறங்கிய மாமா திடீரென்று அலறினார். பல்லக்கை வேறொருவர் வாங்கிக்கொள்ள, கரைக்கு வந்து ஒற்றைக் காலில் குதித்தார். சாமி வந்துவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆளாளுக்கு மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற மாமா இன்னும் உயரமாகக் குதித்தார். பக்தியும் கூடவே உயர்ந்தது. அவர் கெண்டைக்காலில் கண்ணாடி நூல் போல ஏதோ சுற்றியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

“ஐயோ, அது ஜெல்லி மீனு! நல்ல தண்ணி ஊத்துனா இன்னும் கொட்டும். கடல் தண்ணி ஊத்துங்க!”

“கம்முனு கெட,” என்றார் தாத்தா.

சித்திதான் கை கொடுத்தாள். “சாமி கடல் தண்ணிதான் கேக்குது!” என்று கத்தினாள். உடனே குடங்கள் கடலுக்கு ஓடின. நான் ஒரு குச்சியால் அந்த இழையை எடுத்து எறிந்தேன். மாமாவின் குதிப்பு அடங்கியது. ஊரே பார்க்க ஜெயித்துவிட்டேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா மூச்சு வாங்கியபடி சித்தியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஆட ஆரம்பித்தார், இம்முறை இரண்டு காலாலும்.

“டேய் கெழவா! பொண்ணுக்கு இப்ப கல்யாணம் பேசாத. அவ படிக்கணும்டா!”

தாத்தா மகன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்க வரவில்லை.

கடலிலிருந்து திரும்பும் வேனில் மாமாவிடம் கேட்டேன், இழையை எடுத்த பிறகு எப்படிச் சாமி வந்தது என்று. அவர் தடித்த காலை வேட்டியால் மூடிக்கொண்டார்.

“மூளை கெடயாதுன்னு சொன்னது ஜெல்லி மீனுக்குத்தான?”

ஆமாம், மனிதருக்கு உண்டு என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். சித்தி ஏன் கிளியனூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.